ஒற்றைத் தலைவலிக்கான இழப்பீடு: மேல்முறையீட்டில் எது எடுபடுகிறது

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையின் முடிவுகளை எதிர்த்து மேல்முறையீடு செய்வோருக்காக வாதாடுவது என் தொழில். என்னிடம் வரும் கோப்புகளில் ஒற்றைத் தலைவலி குறித்தவையே மிகுந்த வருத்தம் தருகின்றன. ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவற்றில் வலி பொய்யென்று துறை சொல்வதே இல்லை. வலி உண்டு, அது படைப்பணியால் வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிட்டு, பாதிப்பின் அளவு என்று மாதம் ஒரு டாலர்கூடக் கிடைக்காத 0 சதவீதத்தையோ, பெயரளவுக்கு 10 சதவீதத்தையோ எழுதி அனுப்பிவிடுகிறார்கள். 2009 முதல் 2016 வரை மாவ்னி திட்டத்தின் வழியே குடியுரிமை பெறாமலே படையில் சேர்ந்தவர்களுக்கான மொழிப்பட்டியலில் தமிழும் இருந்தது. அவ்வாறு சேர்ந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து படைக்குச் சென்ற நம் பிள்ளைகளும் இந்தக் கடிதங்களைப் பெறக்கூடும் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

மைக்ரேன் எனப்படும் இந்த ஒற்றைத் தலைவலிக்கான அளவுகோல், பாதிப்புகளைச் சதவீதத்தில் அளக்கும் துறையின் மதிப்பீட்டு அட்டவணையில் 8100ஆம் குறியீட்டில் உள்ளது. வலி எவ்வளவு கடுமையானது என்று அது கேட்பதில்லை. ஆளைப் படுக்கையில் தள்ளி, அன்றாட வேலை எதையும் செய்யவிடாமல் முடக்கும் தாக்குதல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றுதான் கேட்கிறது. கடந்த பல மாதங்களில் சராசரியாக 2 மாதத்திற்கு ஒருமுறை வந்தால் 10 சதவீதம், மாதம் ஒருமுறை வந்தால் 30 சதவீதம். முழுமையாக முடக்குகிற, நெடுநேரம் நீடிக்கிற தாக்குதல்கள் மிக அடிக்கடி வந்து, பிழைப்பையே கடுமையாகப் பாதித்தால் 50 சதவீதம். இந்தக் குறியீட்டில் அதற்கு மேல் படி இல்லை. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, சார்ந்திருப்போர் இல்லாத ஒருவருக்கு 10 சதவீதத்திற்கு மாதம் 175.51 டாலரும், 50 சதவீதத்திற்கு 1,102.04 டாலரும் கிடைத்தன. பல ஆண்டு நிலுவைத் தொகையையும் கணக்கில் எடுத்தால், இந்த இரு படிகளுக்கும் இடையே ஒரு குடும்பத்தின் நிலையே மாறிவிடும்.

50 சதவீதம் மறுக்கப்பட்ட கடிதங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணம், 'மனுதாரர் தற்போது வேலையில் இருக்கிறார்' என்பது. இது சட்டப்படி நிற்காது. 2004இல் பியர்ஸ் எதிர் பிரின்சிபி வழக்கில், முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிழைப்பைக் கடுமையாகப் பாதிப்பது என்ற 50 சதவீதத்துக்கான சொற்றொடரை ஆராய்ந்து, தாக்குதல்கள் கடுமையான பொருளாதாரப் பாதிப்பை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பதில்லை, உண்டாக்கக்கூடியவையாக இருந்தாலே போதும் என்றும், மனுதாரர் முற்றிலும் வேலை செய்ய இயலாதவராக இருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் விளக்கியது. ஆகவே வேலையில் இருப்பவர், அந்த வேலையை எப்படித் தக்கவைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் காட்ட வேண்டும். நோய்விடுப்பு தீர்ந்து சம்பளமில்லா விடுப்பில் போன நாள்கள், மேலாளர் அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல், ஏற்க முடியாமல் விட்ட பதவி உயர்வு, விளக்கணைத்த அறையில் படுத்திருக்கச் சக ஊழியர் அவருடைய ஷிஃப்டைப் பார்த்தது போன்றவை எல்லாம் சான்றுகளே. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் வருகைப்பதிவின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பத்துப் பக்க வாதத்தைவிட அந்த ஓர் ஏடு அதிகம் பேசும்.

மருந்தைப் பற்றிய மயக்கமும் பரவலாக உள்ளது. 8100ஆம் குறியீட்டில் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அளவுகோலில் மருந்தின் பேச்சே இல்லாதபோது, மருந்து தரும் நிவாரணத்தைக் காரணம் காட்டி மதிப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று 2012இல் ஜோன்ஸ் எதிர் ஷின்செகி வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. எனவே எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்பதோடு நின்றுவிடாமல், அதை எடுத்தும் எத்தனை தாக்குதல்கள் வருகின்றன, நேரத்தில் எடுக்கத் தவறினால் என்ன நேர்கிறது என்ற இரண்டையும் எழுதி வையுங்கள்.

உண்மையில் பெரும்பாலான கோப்புகள் தோற்பது சட்டத்தால் அல்ல, பதிவு இல்லாமையால். மைக்ரேன் வந்தவர் அவசர சிகிச்சைப் பிரிவின் வெள்ளை வெளிச்சத்தில் நான்கு மணி நேரம் காத்திருக்கப் போவதில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கோ, ஆண்டுக்கு இரண்டு மருத்துவக் குறிப்புகளும் 'தலைவலி, சீராக உள்ளது' என்ற வரியும்தான் தெரிகின்றன. இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் நீங்கள்தான். மருத்துவக் குறிப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுதாரரின் வாக்குமூலத்தை நம்பத்தகாதது என்று தள்ளிவிட முடியாது என்பது 2006இல் புக்கானன் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் அந்த வாக்குமூலத்தில் நாளும் நேரமும் இருக்க வேண்டும். நான் கேட்பது இத்தகைய ஒரு நாட்குறிப்பு வரியை: 'செவ்வாய். காலை 10 மணிக்கு இடது கண்ணுக்குப் பின்னால் துடிப்பு. 10.30க்கு சுமாட்ரிப்டான் மாத்திரை. இருமுறை வாந்தி. போர்வையால் ஜன்னலை மூடிப் படுத்தேன். மாலை 6 மணி வரை எழ முடியவில்லை. வேலைக்கு விடுப்பு.' வலி 10க்கு 8 என்று எழுதுவதால் பயன் குறைவு. எத்தனை மணி நேரம் எதைச் செய்ய முடியாமல் போனது என்பதே அளவுகோலுக்குத் தேவை.

உடனிருப்போரின் வாக்குமூலமும் அவ்வாறே. 21-10210 என்ற படிவத்தில் மனைவியோ கணவரோ அறைத்தோழரோ தாம் கண்டதை எழுதலாம். ஒருவருடைய மனைவி முதலில் எழுதிக் கொடுத்ததில் 'அவர் மிகவும் கஷ்டப்படுகிறார், பார்க்கவே பாவமாக இருக்கிறது' என்ற இரண்டு வரிகள்தாம் இருந்தன. நான் வேறெதுவும் கேட்கவில்லை, போன தடவை தலைவலி வந்த நாளைக் காலையிலிருந்து சொல்லச் சொன்னேன். குழந்தைகள் சத்தம் போடாமலிருக்க அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டதையும், தாளிக்கும் வாசனை ஆகாது என்று அடுப்பே பற்றவைக்காததையும், அவருடைய அலுவலகத்துக்குத் தாமே தொலைபேசியில் சொன்னதையும், முந்தைய மாதம் நெடுஞ்சாலை ஓரத்தில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு அழைத்ததால் போய்க் கூட்டிவந்ததையும் அந்த அம்மா வரிசையாகச் சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினோம்.

துறை ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனையில் நம்மவர்கள் செய்வது எனக்குக் கவலை தருகிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதும், மரியாதைக்காக 'பரவாயில்லை, சமாளிக்கிறேன்' என்கிறார்கள். அதுவும் அறிக்கையில் ஏறிவிடுகிறது. பரிசோதகரின் படிவத்தில் முடக்கும் தாக்குதல்கள் எவ்வளவு இடைவெளியில் வருகின்றன, வலி ஒரு நாளுக்குள் அடங்குகிறதா அல்லது இரண்டு நாளையும் தாண்டுகிறதா என்று குறிக்கும் கட்டங்கள் உள்ளன. அன்று உங்களுக்குத் தலைவலி இருந்ததா என்பது பொருட்டே அல்ல. நாட்குறிப்பின் நகலைக் கையோடு கொண்டுபோய், மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் அதைப் பார்த்தே பதில் சொல்லுங்கள். தக்க காரணமின்றிப் பரிசோதனைக்குப் போகாமலிருந்தால் கோரிக்கையே மறுக்கப்படக்கூடும்.

படைப்பணிக்கும் தலைவலிக்கும் தொடர்பே இல்லை என்று மறுக்கப்பட்டிருந்தால் பாதை வேறு. காதிரைச்சல், கழுத்துக் காயம், மன அழுத்தச் சீர்குலைவு என ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட ஒன்றால் மைக்ரேன் வந்தது என்றோ, அதனால் மோசமடைந்தது என்றோ காட்டலாம். அதற்கு ஒரு மருத்துவர் காரணங்களோடு, குறைந்தது சரிபாதி வாய்ப்பு உண்டு என்று எழுத வேண்டும். காரணம் இல்லாத ஒருவரிக் கடிதம் எடுபடாது. குண்டுவெடிப்பில் மூளைக் காயம் பட்டவர்கள், அந்தக் காயத்துக்கான மதிப்பீட்டுக்குள் தலைவலியும் அடங்கிவிட்டது என்று சொல்லப்பட்டால் ஏற்க வேண்டாம். தனி நோயாகக் கண்டறியப்பட்ட மைக்ரேனைத் தனியாகவே மதிப்பிட வேண்டும் என்று மூளைக் காயத்துக்கான 8045ஆம் குறியீடே சொல்கிறது.

மேல்முறையீட்டு முறை 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகளாக உள்ளது. புதிய, பொருத்தமான சான்று கையில் இருந்தால் 20-0995 படிவத்தில் துணைக் கோரிக்கை. சான்றெல்லாம் கோப்பில் இருந்தும் அதிகாரி சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் 20-0996 படிவத்தில் மேல்நிலை மறுஆய்வு. இதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. மூன்றாவதாக, 10182 படிவத்தில் நீதிபதி விசாரிக்கும் மேல்முறையீட்டு வாரியம். நாட்குறிப்பே இல்லாத ஒருவர் கோபத்தில் மறுஆய்வு கேட்பது வீண். அதே வெற்றுக் கோப்பைத்தான் இன்னொருவர் படிப்பார். அவர் துணைக் கோரிக்கைக்கே போக வேண்டும். எந்த வழியானாலும் முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் தொடுத்துவிட்டால், முதல் கோரிக்கையின் தேதி காக்கப்பட்டு நிலுவைத் தொகை அங்கிருந்து கணக்காகும். வாரியமும் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக 120 நாள்களே உண்டு.

50 சதவீதம் கிடைத்தும் வேலையில் நிலைக்க முடியாதவர்கள் அத்தோடு நின்றுவிடக் கூடாது. வேலை செய்ய இயலாமையின் அடிப்படையில் 100 சதவீதத் தொகையையே தரும் ஏற்பாடு உண்டு. அதற்கான படிவம் 21-8940. வழக்கமாக அதற்கு ஒரே பாதிப்புக்குக் குறைந்தது 60 சதவீதமோ, பல பாதிப்புகளில் ஏதேனும் ஒன்றுக்குக் குறைந்தது 40 சதவீதம் இருந்து மொத்தம் 70 சதவீதமோ தேவை என்பதால், மைக்ரேன் மட்டுமே உள்ளவருக்கு அந்த வாசல் திறக்காது. அத்தகையவரின் கோப்பைச் சிறப்புப் பரிசீலனைக்கு அனுப்ப, அதே மதிப்பீட்டு அட்டவணையின் விதி 4.16இன் இரண்டாம் உட்பிரிவு இடம் தருகிறது. அந்தக் கோரிக்கையைப் பெயர் சொல்லி, வருகைப்பதிவையும் பழைய முதலாளிகளின் கடிதங்களையும் இணைத்து, மேல்முறையீட்டு மனுவிலேயே எழுப்பிவிடுங்கள்.