மாஜிஸ்திரேட்: மேஸ்திரிக்குச் சொந்தக்காரர்

‘எழும்பூர் கோர்ட்டில் ஆஜர்படுத்தி, நீதிபதி உத்தரவுப்படி சிறையில் அடைத்தனர்’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த ‘நீதிபதி’யின் சரியான பதவிப்பெயர் மாஜிஸ்திரேட்.

லத்தீனில் ‘மாகிஸ்தர்’ என்றால் தலைவர், ஆசான். அதற்கும் அடியில் இருப்பது ‘மாகிஸ்’, அதாவது ‘அதிகம்’. இதே மாகிஸ்தர் போர்த்துகீசிய மொழியில் ‘மெஸ்த்ரே’ ஆகி, கப்பலேறி வந்து நம் கட்டட வேலையில் ‘மேஸ்திரி’ ஆனார். (மினிஸ்டர் என்ற சொல்லின் அடியில் இருப்பது ‘மைனஸ்’, ‘குறைவு’. அமைச்சர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.)

தமிழில் இதற்குக் குற்றவியல் நடுவர் என்கிறோம். எனக்குப் பிடித்த சொல். லத்தீன் அவரை மேலே ஏற்றி உட்கார வைக்கிறது, தமிழ் இரண்டு தரப்புக்கும் நடுவில் உட்கார வைக்கிறது. என்ன, நடுவர் என்றதும் பலருக்குப் பட்டிமன்றம்தான் நினைவுக்கு வரும்.

எல்லா நடுவரும் நீதித்துறை ஆட்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. மணமான ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்கிறார்களே, அங்கே அந்த ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், நிர்வாக நடுவராகச் செயல்படுகிறார்.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கோர்ட் பூட்டியிருந்தால்? ராத்திரியில் நடுவரின் வீட்டு வாசலில் போலீஸ் வேன் நிற்கும். எந்தக் காவல் நிலைய எல்லையில் குற்றம் நடந்ததோ, அதைப் பொறுத்து எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று நீதிமன்றம் மாறும். முதல் வகுப்பு நடுவர் தரக்கூடிய சிறைத்தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு. சொத்துத் தகராறு, கடன் பாக்கி எல்லாம் இங்கே வராது. சென்னையில் அவற்றுக்கு 1892-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நகர உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது.

சென்னை நடுவருக்குப் பெயரின் முன்னொட்டுதான் மாறிக்கொண்டே இருக்கிறது. முன்பு பிரசிடென்சி மாஜிஸ்திரேட். 1974-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அவரை மெட்ரோபாலிட்டன் மாஜிஸ்திரேட், அதாவது பெருநகரக் குற்றவியல் நடுவர் ஆக்கியது. 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய சட்டத்தில் ‘பெருநகர’ என்ற தனி வகையே கிடையாது. ஆனாலும் வக்கீல்கள் வாயில் ‘எம்.எம். கோர்ட்’ அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

இலங்கைத் தமிழில் நடுவர் என்றால் யாருக்கும் மாஜிஸ்திரேட் நினைவுக்கு வராது. அங்கே அவர் நீதவான். குணவான், தனவான் மாதிரி.