சைக்கிளில் தொங்கக் கூடாதவை

போன வருடம் ஆடி மாதம். அம்மியே பறக்கும் காற்றில் துப்பட்டா பறக்காமல் இருக்குமா? சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து அஸ்தம்பட்டிக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவியின் துப்பட்டா பின்சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. கீழே விழுந்ததில் இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கழுத்தின் முன்பக்கம் கயிறு போட்டு இழுத்த மாதிரி ஒரு சிவந்த கோடு. மாவுக்கட்டு பிரித்த பிறகு பயிற்சிக்காக என்னிடம் வந்தாள். முதல் நாள் அவள் கேட்டது கையைப் பற்றி அல்ல. "நான் மெதுவாத்தான் போனேன் மேடம். அப்புறம் எப்படி அவ்வளவு வேகமா இழுத்துச்சு?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். 26 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 12 கி.மீ. என்பது நிதானமான வேகம்தான். அதிலேயே சைக்கிள் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் நகர்கிறது, சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றிவிடுகிறது. துப்பட்டாவின் மொத்த நீளம் இரண்டு, இரண்டேகால் மீட்டர். நுனி கம்பியில் மாட்டினால் மிச்சத்தை இழுக்க ஒரு நொடி போதும். முன்கழுத்தில் போட்டு இரண்டு நுனியையும் முதுகுப் பக்கம் தொங்கவிடுகிறோமே, அதுதான் இருப்பதிலேயே மோசம். இழுக்கும்போது அப்படியே சுருக்காகிவிடும். சைக்கிள் ஏறும் முன் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் குறுக்காகப் போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்ளுங்கள்.

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கும் எனக்குச் சைக்கிள்காரர்கள் நிறைய வருகிறார்கள். விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள், அம்மாபேட்டைத் தறிக்கூடங்களில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், வாட்ச்மேன்கள், ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறும் ஐ.டி. பையன்கள். கடைகளில் இப்போது சைக்கிளுக்கென்று வரும் புது உடைகளும் பைகளும் பெரும்பாலும் கடைசியில் சொன்னவர்களைப் பார்த்துத்தான் செய்யப்படுகின்றன. தினமும் நாலைந்து கிலோமீட்டர் மிதிக்கிறவருக்கு அதில் எது தேவை, எது தண்டம் என்று யாரும் சொல்வதில்லை. என் மேஜைக்கு வந்த வலிகளை வைத்து நான் சொல்கிறேன்.

முதலில் பை. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்கழுத்து வலி என்று வந்தான். எடை 42 கிலோ. அவன் பையை என் கிளினிக் மெஷினில் வைத்தால் 9 கிலோ. பள்ளிப் பை எடை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை. இவன் இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கிறான், அதுவும் வாரைத் தளர்த்தி, பை பின்பக்கத்துக்குக் கீழே இறங்கும்படி. ஸ்டைலாம். ஹேண்டில் பாரைப் பிடிக்க முன்னால் குனிந்ததும் பை தோளைப் பின்னால் இழுக்கிறது. ரோட்டைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும். போக அரைமணி, வர அரைமணி, அந்தச் சின்னத் தசைகள் மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கின்றன. பயிற்சி கொடுப்பதற்கு முன் அவனிடம் சொன்னது ஒன்றுதான்: பையைக் கேரியரில் வை. பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்கும் கட்டு. நுனியை உள்ளே செருகு. காசு செலவில்லை.

செலவு செய்ய முடிந்தவர்களுக்குக் கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பைகள் வந்திருக்கின்றன. வந்திருக்கும் புதுச் சாமான்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். பாரம் கீழே இறங்குவதால் சைக்கிள் ஆடாது, முதுகும் வியர்க்காது. ஆனால் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சைக்கிளைக் கடைக்கே ஓட்டிப்போய் மாட்டிப் பாருங்கள். கொக்கி உங்கள் கேரியர் கம்பியில் உட்கார வேண்டும், பையின் கீழ்முனை சக்கரக் கம்பிப் பக்கம் ஆடாமல் நிற்க வேண்டும், பெடல் பின்னால் வரும்போது குதிகால் பையில் இடிக்கக் கூடாது. பழைய பால்காரர்கள் கேனை எந்த இடத்தில் தொங்கவிடுகிறார்கள் என்று கவனித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஹேண்டில் பாரில் பை மாட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மஞ்சப்பை மறுபடி புழக்கத்துக்கு வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அதில் இரண்டு கிலோ தக்காளியைப் போட்டு ஹேண்டிலில் மாட்டினால், திருப்பும்போது பை ஆடி முன்சக்கரத்துக்குள் போகும். பின்சக்கரம் நின்றால் சைக்கிள் இழுபடும், அவ்வளவுதான். முன்சக்கரம் நின்றால் ஆள் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவார். முன் பற்களையும் தோள்பட்டை எலும்பையும் சேர்த்து உடைத்துக்கொண்டு ஒருவர் இங்கே வந்திருக்கிறார். முன்கூடை பொருத்திக்கொள்ளுங்கள். ஒரு தோளில் மாட்டும் பையும் இதே ரகம்தான். குனிந்தால் வயிற்றுப் பக்கம் சரிந்து முழங்காலில் இடிக்கும்.

என் அப்பா சூரமங்கலத்துக்கு வேலைக்குப் போன காலத்தில் வலது கணுக்காலில் முக்கால் வட்டமாக ஒரு ஸ்டீல் கிளிப் போடுவார். செயின் வலது பக்கம்தானே இருக்கிறது. பேண்ட் நுனி பல்சக்கரத்தில் மாட்டாமல் இருக்கவும், கிரீஸ் ஒட்டாமல் இருக்கவும் அது. வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவார். இன்று அதே சங்கதி ஒட்டி ஒட்டிப் பிரிக்கிற பட்டையாக, வெள்ளி நிற ரிஃப்ளெக்டரோடு வருகிறது. அப்பாவின் கிளிப்பைவிட இது ஒரு படி மேல். காரணம், இருட்டில் நம்மை அடையாளம் காட்டுவது கால்தான். 1973-இல் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன், மனிதர்களின் மூட்டுகளில் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். உடம்பே தெரியாமல் புள்ளிகள் மட்டும் அசைந்தாலும், பார்த்தவர்கள் மனிதன் நடக்கிறான் என்று உடனே சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் ஒட்டிய பட்டை ஒரு போர்டு போலத் தெரியலாம். மேலும் கீழும் போய்வரும் கணுக்காலைப் பார்த்ததும் லாரி டிரைவருக்கு ஆள் மிதிக்கிறான் என்று புரியும். இரண்டு காலிலும் போடுங்கள்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. பளபளவென்று கண்ணைக் குத்தும் பச்சை மஞ்சள் டீசர்ட் பகலுக்குத்தான். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி ஒளியாகத் திருப்பித் தருவதால் அது மின்னுகிறது. ராத்திரி கொண்டலாம்பட்டி பைபாஸில் அந்த வித்தை பலிக்காது. அங்கே ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் வேண்டும், பின்னால் ஒரு சிவப்பு லைட்டும் வேண்டும். ரெயின்கோட் போட்டால் அதன் வால் அந்த லைட்டை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்வை மாதிரி விரியும் மழை அங்கியைவிட, சட்டையும் பேண்டுமாக வரும் கோட்டே சைக்கிளுக்கு நல்லது.

ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போகும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் வினை. பிரேக்கைப் பிடித்தபடியே அடிவாரம் வரை வந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாகப் போகும் அல்நார் நரம்பு ஹேண்டிலில் அழுந்துவதுதான் காரணம். அந்த இடத்தில் மெத்தை வைத்த அரைக்கையுறை உதவும், நடுநடுவே நிறுத்திக் கையை உதறுவது அதைவிட உதவும். ஊர் திரும்பியும் மரப்பு போகவில்லை என்றால் வந்து காட்டுங்கள். அப்புறம் குளிர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயரத்தில் சுமார் 1,200 மீட்டர் வித்தியாசம், எப்படியும் ஏழெட்டு டிகிரி குறையும். வியர்வையில் ஊறிய பருத்தி பனியனோடு இறங்கினால் தோளும் முதுகும் பிடித்துக்கொள்ளும். மேலே போய் மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த பனியனும், காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜெர்கினும் போதும். ஜெர்கின் இல்லையா, டீக்கடையில் ஒரு பழைய பேப்பர் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் செருகுங்கள். பழைய பந்தய வீரர்களும் இதைத்தான் செய்தார்கள்.

மெத்தை வைத்த டைட் டிராயர்? நாலு கிலோமீட்டருக்குத் தேவையில்லை. ஜெல் சீட் கவரும் வேண்டாம். மெத்தென்று இருந்தால் உட்காரும் எலும்பு உள்ளே அமுங்கி, நடுவில் இருக்கும் மென்மையான இடம் அழுந்தி மரக்கும். சீட் உயரத்தைச் சரிசெய்தாலே பாதி வலி போய்விடும்.

ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. நான் போடுகிறேன். பைக் ஹெல்மெட்டைப் போட்டு மிதித்தால் சித்திரை வெயிலில் தலை வெந்துவிடும், சைக்கிளுக்கான லேசான ஹெல்மெட் தனியாகக் கிடைக்கிறது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: கொண்டை போட்டால் ஹெல்மெட் முன்னால் தள்ளிப் புருவத்தில் உட்காரும், விழுந்தால் பின்தலைக்குப் பாதுகாப்பில்லை. தாழப் பின்னிக்கொள்ளுங்கள்.

கேரியரில் குழந்தையை உட்கார வைப்பவர்கள் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வலையும், கால் வைக்கப் படியும் போடாமல் ஏற்றாதீர்கள். கொலுசுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. கம்பிக்குள் போன பிஞ்சுக் காலில் கொலுசும் இருந்தால், குதிகால் தோலோடு அது எப்படி வரும் என்பதைப் பார்த்திருக்கிறேன். எழுத வேண்டாம்.

அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு ஆறு வாரத்தில் மணிக்கட்டு முழுசாக மடங்கியது. கடைசி நாள் நானும் அவளும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். அவளுடைய துப்பட்டா பைக்குள் இருந்தது. நான் பூட்டைத் திறந்து சைக்கிளில் ஏறியதும், "மேடம், அது?" என்று என் நெஞ்சைக் காட்டினாள். அடையாள அட்டை, நீலக் கயிற்றில், தொப்புள் வரை தொங்கிக்கொண்டிருந்தது.

கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.