ஹோம் ரன்: தமிழில் என்ன சொல்லலாம்?

"ஹோம் ரன்னா? பேஸ்பால்ல சிக்ஸர் மாதிரி" என்று நம்மில் பலர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். பந்து பறக்கிறது, கூட்டம் எழுந்து கத்துகிறது, வேறென்ன வேண்டும்?

ஆனால் சிக்ஸர் அடித்தவர் இருந்த இடத்திலேயே நிற்கலாம். ஹோம் ரன் அடித்தவர் ஓடியே ஆகவேண்டும். பந்து வேலி தாண்டி யார் வீட்டுக் கூரையில் விழுந்தாலும் சரி, ஓடுகிற வழியில் உள்ள மூன்று தளங்களையும் ('பேஸ்') வரிசையாக மிதித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்து அதையும் தொட்டால்தான் கணக்கு. 1931 ஏப்ரல் 26 அன்று வாஷிங்டனில் அமெரிக்க ஆட்டக்காரர் லூ கெரிக் அடித்த பந்து பார்வையாளர் பகுதியில் பட்டுத் திரும்பித் துள்ளி, மைதானத்தில் நின்றவர் கைக்கே வந்தது. ஏற்கெனவே தளத்தில் நின்று, கெரிக்குக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த அவர் அணியின் லின் லேரி, 'கேட்ச் பிடித்துவிட்டார்கள்' என்று நினைத்து ஓட்டத்தை விட்டுவிட்டு ஒதுங்கிப் போனார். கெரிக் அதைக் கவனிக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் ஓடி அவரைக் கடந்துவிட்டார். முன்னால் ஓடுபவரைக் கடந்தால் அவுட். பந்து போன இடத்தில் எந்தக் குறையும் இல்லை, ஆள் ஓடியதில்தான் குறை. அந்த ஆண்டு முடிவில் கெரிக்கும் பேப் ரூத்தும் ஆளுக்கு 46 ஹோம் ரன்களோடு முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கெரிக்குக்கு அந்த ஒன்று கிடைத்திருந்தால் 47.

ஆக, இந்தச் சொல்லுக்கு உயிர் பந்தில் இல்லை, ஓடுகிற ஆளிடம் இருக்கிறது. தமிழ்ச்சொல் தேடுமுன் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'ஹோம்' பழைய ஆங்கிலச் சொல். குடியிருப்பு, ஊர், வீடு என்று பொருள். பிள்ளைகளின் ஓடிப்பிடி விளையாட்டுகளில் 'இங்கே வந்துவிட்டால் என்னைத் தொடக்கூடாது' என்னும் காப்பிடத்துக்கும் அதுவே பெயர். நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் பேஸ்பால் சங்கத்தார் 1845இல் எழுதிய விதிகளிலேயே 'ஹோம்' வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 'ரன்' அதில் இல்லை. சீட்டாட்டத்திலிருந்து எடுத்த 'ஏஸ்' என்ற சொல்லால்தான் எண்ணினார்கள், 21 ஏஸ் எடுத்தவர் வென்றார். 'ரன்' பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தளத்துக்குத் தளம் 90 அடி. நான்கு பக்கமும் சேர்த்து 360 அடி ஓடினால் வீடு. அந்த வீட்டைக் குறிக்கும் பலகை முன்பு சதுரமாக இருந்தது. 1900இல் அதை ஐங்கோணமாக்கினார்கள். பார்த்தால் சின்னப்பிள்ளை வரைந்த கூரைவீடு போலவே இருக்கும்.

தொடக்ககால மைதானங்கள் பலவற்றில் வேலி வெகுதூரத்தில் இருந்தது. ஆகவே ஹோம் ரன் என்றால் பெரும்பாலும் ஓடியே எடுத்ததுதான். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் போட்டித்தொடரான நேஷனல் லீகின் முதல் ஹோம் ரன், 1876 மே 2 அன்று சின்சினாட்டியில் ராஸ் பார்ன்ஸ் எடுத்தது, அந்த வகை. அந்த முதல் ஆண்டு முழுவதிலும் அதிகம் எடுத்த ஜார்ஜ் ஹாலின் கணக்கே 5தான். இப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் ஒரே ஆட்டத்தில் இரண்டு எடுத்தாலே ஊர் பேசும்.

பிறகு வேலி கிட்டே வந்தது, சொல்லின் பொருளும் ஆட்டம் கண்டது. இதற்கு நெட் வில்லியம்சனைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. சிகாகோவில் அவர் அணியின் லேக் ஃபிரண்ட் பார்க் ஒரு கைக்குட்டை அளவு மைதானம். ஓரங்களில் வேலி 200 அடிகூட இல்லை. அதனால் 1883 வரை அங்கே வேலி தாண்டிய பந்துக்கு இரண்டு தளம்தான் கொடுத்தார்கள். அந்த ஆண்டு வில்லியம்சன் எடுத்த ஹோம் ரன் 2. இரண்டு தளம் கிடைத்த 'இரட்டைத்தள அடி'யோ 49. அடுத்த ஆண்டு 'தாண்டினால் ஹோம் ரன்' என்று மைதான விதியை மாற்றினார்கள். 1884இல் அவர் கணக்கு 27! அதில் 25 சொந்த மைதானத்தில். அந்த மே 30 அன்று ஒரே ஆட்டத்தில் மூன்று எடுத்து, நேஷனல் லீகில் அப்படிச் செய்த முதல் ஆள் ஆனார். 1885இல் அணி வேறு மைதானத்துக்குக் குடிபோனது. வில்லியம்சன் எடுத்தது மூன்றே மூன்று. அதே ஆள், அதே மட்டை. அந்த 27ஐ முறியடிக்க 1919இல் பேப் ரூத் 29 எடுக்கவேண்டியிருந்தது.

ஒரே ஆட்டத்தில் நான்கு எடுத்த முதல் ஆள் பாஸ்டனின் பாபி லோ. 1894 மே மாதம் பாஸ்டன் அணியின் மைதானம் தீயில் போய்விட்டது. தற்காலிகமாக காங்கிரஸ் ஸ்ட்ரீட் மைதானத்துக்கு வந்தார்கள். அங்கே இடப்பக்க வேலி ஏறத்தாழ 250 அடியில். மே 30 அன்று சின்சினாட்டிக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில், 'ஐஸ்பாக்ஸ்' என்று பட்டப்பெயர் கொண்ட சேம்பர்லின் வீசிய பந்துகளை லோ வரிசையாக நான்கு முறை வேலிக்கு அப்பால் அனுப்பினார், அதில் இரண்டு மூன்றாவது இன்னிங்ஸ் ஒன்றிலேயே. பேர்பெற்ற முரட்டு அடிகாரர் அல்ல அவர். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வெள்ளிக்காசுகளை மைதானத்தில் வீசினார்கள். பொறுக்கி எண்ணியபோது 160 டாலர் தேறியதாம். கரகாட்டக்காரருக்கு ரூபாய் நோட்டைக் குத்திவிடுகிற நமக்கு அந்த மகிழ்ச்சி புரியாமல் போகாது.

இரண்டாமவர் எட் டெலஹான்டி, 1896 ஜூலை 13, சிகாகோ. ஃபிலடெல்ஃபியாவுக்காக ஆடிய இவர் எடுத்த நான்கில் சில வேலி தாண்டாமல் ஓடியே எடுத்தவை. எனக்கு லோவின் நான்கைவிட இந்த நான்குதான் கனமாகத் தெரிகிறது. ஆனால் அணி 9-8 என்று தோற்றது! அடிவாங்கிய பந்துவீச்சாளர் அடோனிஸ் டெர்ரியே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். மூன்றாவது ஆளுக்கு 36 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது: 1932இல், நாம் மேலே பார்த்த அதே கெரிக்.

சரி, தமிழுக்கு வருவோம். பேஸ்பாலை 'அடிபந்தாட்டம்' என்கிறோம். ஹோம் ரன்னை 'வீட்டு ஓட்டம்' என்று பெயர்த்தால், யாரோ காலையில் மொட்டைமாடியில் ஓடுவது போல இருக்கிறது. 'வீடுபேறு' சொற்பொருளில் கச்சிதம்தான், ஆனால் அடித்தவர் முக்தியடைந்துவிடுவார். 'சுற்றோட்டம்' நல்ல சொல்; அதைக் குருதிக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. 'ஆறு ஓட்டம்' ஆகவே ஆகாது: ஆள் இல்லாத தளங்களோடு அடித்தால் ஹோம் ரன்னுக்குக் கிடைப்பது ஓர் ஓட்டம் மட்டுமே.

என் பரிந்துரை 'மனை'. மன்னுதல், அதாவது நிலைத்துத் தங்குதல், என்பதோடு உறவுடைய சொல். வீடு என்றும் பொருள். சதுரங்கப் பலகையின் கட்டம் என்றும் பொருள். ஆட்டத்தையும் வீட்டையும் ஒரே சொல் தாங்குகிறது. பேஸ் என்பதற்குத் தளம், ஹோமுக்கு மனை, ஹோம் ரன்னுக்கு 'மனைசேர் ஓட்டம்'. வேலி தாண்டாமல் எடுத்தால் 'வேலிக்குள் மனைசேர் ஓட்டம்'. வினையாகவும் வரும்: 'அன்று லோ நான்கு முறை மனைசேர அடித்தார்.'

இது எழுத்துக்கு. பேச்சுக்கு நம்மிடம் இதைவிடச் சுருக்கமான சொல் உண்டு. தாயம் ஆடியவர்கள் அறிவார்கள்: கட்டமெல்லாம் சுற்றி, வெட்டுப்படாமல் உள்ளே வந்து சேர்ந்த காய்க்குப் பெயர் 'பழம்'. மூன்று தளத்திலும் ஆள் நிற்க, நாலாமவர் ஒரே அடியில் எல்லோரையும் உள்ளே கொண்டுவருகிற 'கிராண்ட் ஸ்லாம்' இருக்கிறதே, அதைத் திண்ணையில் உட்கார்ந்த பாட்டி பார்த்திருந்தால் 'நாலும் பழம்' என்றிருப்பார்.