சீலன்ட்: காப்புப்பூச்சு

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் சாமான் வாங்கப் போகிறவர்கள் பலருக்கு வாக்ஸ், சீலன்ட், பாலிஷ் எல்லாமே 'பாலிஷ்'தான். மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. எதன்மேல் எது என்ற வரிசை மாறினால் போட்ட பணம் வீண்.

சீலன்ட் என்பது 'சீல்' என்பதிலிருந்து வந்தது. அதன் மூலம் லத்தீன் சிகில்லும். சிறிய அடையாளம், முத்திரை என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முத்திரையிட்டு மூடுவது என்பது நாளடைவில் இறுக அடைப்பது என்று விரிந்தது. கட்டட வேலையில் அந்தப் பொருள் சரி. ஜன்னல் சட்டத்தின் இடுக்கை அடைக்கிற பசையும் சீலன்ட்தான். அதை வைத்துக் கார் சீலன்ட்டை 'அடைப்பான்' என்று பெயர்த்தால் பொருந்தாது. இங்கே அடைக்க இடுக்கு ஏதும் இல்லை. தவிர, மாடு வளர்ப்பவர்களுக்கு அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ் நோய். பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் ஒட்டி, மெல்லிய படலமாக நிற்கும் செயற்கைப் பாலிமர் இது. காப்புப்பூச்சு என்பதே சரியான சொல்.

வாக்ஸுக்குத் தேடவே வேண்டாம், மெழுகு. தரையைச் சாணமிட்டு மெழுகுவதும் அதே சொல்தான்; பொருளும் செயலும் ஒன்றாக அமைந்த அழகான சொல். கார் மெழுகில் பெயர்பெற்றது கார்னௌபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் மெழுகு அது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கார்னௌபா 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் கெட்டிப் பாறைபோல் இருப்பதால் எண்ணெய்களும் கரைப்பான்களும் சேர்த்துத்தான் டப்பாவில் வரும். அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிற்கும் கறுப்பு காரின் பானெட்டில் அந்தக் கலவை சில வாரங்களுக்கு மேல் தாங்குவது கஷ்டம். சீலன்ட் சில மாதங்கள் வரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சென்னைக்கு நான் சொல்வது சீலன்ட்.

பாலிஷ் இரண்டிலும் சேராது. அது கிளியர் கோட்டின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்து எடுப்பது. நல்ல தமிழில் மெருகிடுதல்.

ஆக வரிசை: மெருகு, காப்பு, மெழுகு. முதலில் மெழுகைப் பூசினால் அதிலுள்ள எண்ணெய்ப் பசை சீலன்ட்டைப் பெயின்ட்டோடு ஒட்டவிடாது. வண்டியைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, நிழலில், பானெட் கையில் சுடாதபோது ஆரம்பியுங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு சீலன்ட்டை ஸ்பாஞ்சில் எடுத்து, ஒரு கதவு முழுக்க மெல்லிசாகப் பரப்பினால் போதும். தடிமனாகப் பூசினால் துடைக்கத்தான் கை வலிக்கும். சற்று நேரத்தில் வெள்ளையாகப் பூத்து வரும். விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம், இழுவினால் இன்னும் காயவேண்டும். அப்புறம் பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை, பலவற்றுக்கு 12 முதல் 24 மணி நேரம், தண்ணீர் படாமல் விட்டுவிட்டு, அதன்மேல் மெழுகு.

இத்தனை செய்தாலும் போர் தண்ணீரில் கழுவி அப்படியே வெயிலில் காயவிட்டால் உப்புத்திட்டு விழும். பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் கடல் காற்றின் உப்பும் சேரும். கழுவிய கையோடு துடைத்துவிடுங்கள்.