குளியலில் அழுக்கு எங்கே போகிறது?

உடம்பில் வெறும் தண்ணீரை ஊற்றினாலே மண்ணும் வியர்வை உப்பும் போய்விடும். எண்ணெய்ப் பசை மட்டும் போகாது. தோலில் உள்ள சுரப்பிகள் நாள் முழுக்க அந்தப் பசையைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கின்றன. தூசியும் உதிர்ந்த தோல் துணுக்குகளும் கிருமிகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. சோப்பு தேவைப்படுவது இதற்காகத்தான்.

சோப்பின் மூலக்கூறு நீளமானது. ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். தேய்க்கும்போது எண்ணெயை நாடும் முனைகள் பசைக்குள் புதைந்துகொள்ளும். மற்ற முனைகள் தண்ணீரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இப்படி நிறைய மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டதும் பசை நுண்ணிய உருண்டைகளாகப் பிரிந்து தோலை விட்டுக் கழன்றுவிடும். இந்த உருண்டைகளுக்கு மைசெல் என்று பெயர். அப்புறம் ஊற்றும் தண்ணீர் அவற்றை இழுத்துக்கொண்டு ஓடும். கொரோனா போல கொழுப்பு உறை உள்ள வைரஸ்களைச் சோப்பு உடைத்தே விடுகிறது. ஆனால் சாதாரண சோப்பில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் சாவதில்லை, உடம்பை விட்டு வெளியேறுகின்றன, அவ்வளவுதான். அதனால் குளியலில் பலரும் அவசரப்படுகிற அந்தக் கடைசிப் பகுதி, நன்றாக அலசுவது, தேய்ப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

கழன்ற அழுக்கு வெளியேற வழி வேண்டும். மொகஞ்சதாரோ மக்கள் இதை நன்றாகவே செய்திருக்கிறார்கள். 4,000 ஆண்டுகளுக்கும் முந்தைய அந்த நகரத்தின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம் கொண்டது. நீர் கசியாமலிருக்க நிலக்கீல் (தார் போன்ற பொருள்) பூசியிருந்தார்கள், நீரை வெளியேற்ற வடிகாலும் வைத்திருந்தார்கள். என்னை அதைவிட வியக்க வைப்பவை அங்கிருந்த வீடுகள். பல வீடுகளில் செங்கல் பாவிய குளியல் மேடை இருந்தது. அதன் கழிவுநீர் தெருச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

ரோமானியர்களின் குளியல் மண்டபங்கள் இதைவிட எத்தனையோ மடங்கு பிரமாண்டமானவை. கி.பி. 216இல் திறக்கப்பட்ட காரகல்லா மண்டபத்தில் தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட்டு அறைகளைச் சூடாக்கினார்கள். உடம்பில் எண்ணெய் பூசி, வளைந்த உலோகக் கருவியால் அதை அழுக்கோடு சுரண்டி எடுத்துவிட்டுத் தொட்டியில் இறங்குவார்கள். ஆனால் அந்தத் தொட்டி பொதுத் தொட்டி. நோயாளியும் நலமானவரும் ஒரே வெந்நீரில் இறங்கினார்கள். ஆறாத காயத்தோடு குளித்தால் அது அழுகக்கூடும் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் எச்சரித்திருக்கிறார். ரோமானியர் காலப் படிவுகளில் குடற்புழு முட்டைகளும் பேன்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவ்வளவு குளித்தும் அவர்கள் ஒட்டுண்ணிகளிடமிருந்து தப்பவில்லை.

பிற்காலத்தில் ஐரோப்பாவில் பலர் வெந்நீருக்கே பயந்தார்கள். அது தோலின் துளைகளைத் திறந்து நோயை உள்ளே விடும் என்ற நம்பிக்கை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வலுவாக இருந்தது. குளிப்பதற்குப் பதிலாக உள்சட்டையை அடிக்கடி மாற்றிக்கொண்டார்கள்.

நோய்த் தடுப்பு என்று பார்த்தால், முழு உடம்பையும் விடக் கைகளைக் கழுவுவதில்தான் பலன் அதிகம். வியன்னாவில் 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் சொன்னார். ஏப்ரலில் 100க்கு 18 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த வார்டில், ஜூனில் அது ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. கண்பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா நோயைத் தடுக்க, குழந்தைகளின் முகத்தைச் சுத்தமாக வைத்திருப்பதையும் உலக சுகாதார நிறுவனம் முக்கிய வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது.

சரி, மற்ற இடங்களை எவ்வளவு தேய்க்கலாம்? தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இறந்த செல்களும் அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்பும் சேர்ந்த இந்த மெல்லிய அடுக்குதான் உடம்பின் ஈரத்தை உள்ளே நிறுத்துகிறது, கிருமிகளை வெளியே நிறுத்துகிறது. அதன் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 5ஐ ஒட்டி இருக்கும் (7 என்றால் நடுநிலை). சாதாரண சோப்போ 9, 10 என்று காரத்தன்மை கொண்டது. பசையைக் கழற்றும் அதே சோப்பு, தோலுக்குத் தேவையான கொழுப்பையும் சேர்த்தே கழற்றும். கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீர் அதை இன்னும் வேகப்படுத்தும். குளித்து முடித்ததும் தோல் இழுப்பதும் அரிப்பதும் இதனால்தான்.

வியர்வைக்கும் தானாக வாடை கிடையாது. அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் சுரக்கும் கெட்டியான வியர்வையைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. ஆகவே சோப்பு அன்றாடம் தேவைப்படுவது அந்த இடங்களுக்கும் பாதங்களுக்கும்தான். கை கால்களுக்கும் முதுகுக்கும், அழுக்கில் வேலை செய்யாத நாட்களில், தண்ணீரே போதும். வறண்ட தோல் உள்ளவர்கள் வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசினால் அரிப்பு நன்றாகவே குறையும்.