ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள்: எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸும், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் சேர்ந்தே வந்தன. குமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். பொத்தானை அழுத்தியதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் திரையில் வரும். பெரும்பாலோர் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இன்னொன்று எங்கே இருக்கிறது என்று யோசிக்காமலே பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள்.

இன்று ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் வேண்டும் என்ற தேவை வேறு வழியாக வந்திருக்கிறது. நாகர்கோவிலைச் சுற்றியும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கமும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வகப் பாடத்துக்கு லினக்ஸ் வேண்டும். அதே கணினியில் அப்பாவின் கடைக் கணக்கு விண்டோஸில் ஓட வேண்டும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினி வைத்திருப்பவர்களும் லினக்ஸைப் பற்றி விசாரிக்கிறார்கள். "டிஸ்க்கை முழுக்க அழித்தால்தான் இரண்டையும் போட முடியும்" என்று பழுதுபார்க்கும் கடையில் சொல்லப்பட்டு, குடும்பப் படங்களை எல்லாம் இழந்த வீடுகளை நான் அறிவேன். அதை நினைக்கும்போது எனக்கு வருத்தமும் கோபமும் வருகின்றன. அந்த இழப்பு தேவையே இல்லாதது. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தெரிந்துவிடும்.

டிஸ்க்குக்கு சி டிரைவ் என்றோ டி டிரைவ் என்றோ எதுவும் தெரியாது. அதன் கண்ணில் எல்லாம் செக்டர்கள்தான். ஒவ்வொன்றும் வழக்கமாக 512 பைட், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். 512 ஜிபி கொள்ளளவுள்ள டிஸ்க்கில் சுமார் 100 கோடி செக்டர்கள் இருக்கும். "இந்த எண்ணில் இருப்பதைப் படி, அந்த எண்ணில் இதை எழுது" என்ற கட்டளைகளை மட்டுமே அது நிறைவேற்றுகிறது. பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள ஒரு சிறு அட்டவணையில் எழுதப்படும் பதிவு. எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எதில் முடிகிறது, என்ன வகை என்ற விவரங்களே அதன் சாரம். நம் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் ஒரு விளையைப் பாகம் பிரிக்கும்போது ஒரு தென்னைகூட இடம் மாறுவதில்லை. யாருக்கு எத்தனை சென்ட், எந்த எல்லை வரை என்று பத்திரத்தில் எழுதுவதோடு காரியம் முடிகிறது. டிஸ்க்கிலும் அப்படித்தான்.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் இது இன்னும் வியப்பானது. சுழலும் ஹார்டு டிஸ்க்கிலாவது ஒரு பார்ட்டிஷனின் தரவு தட்டின் ஒரு பகுதியில் தொடர்ச்சியாக இருக்கும். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லோ, எல்லா நினைவக அறைகளும் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காகத் தரவை அங்கும் இங்குமாகப் பரப்பி வைக்கிறது. வரிசை எண்ணுக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள தொடர்பைத் தனிக் கணக்காக எழுதிக்கொள்கிறது. விண்டோஸின் கோப்பும் லினக்ஸின் கோப்பும் ஒரே சில்லுக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கலாம். எல்லை என்பது முழுக்க முழுக்க எண்களில்தான் இருக்கிறது.

அந்த அட்டவணை இரண்டு வகைப்படும். பழையது எம்பிஆர், 1983-இல் பிசி டாஸ் 2.0-உடன் வந்தது. டிஸ்க்கின் முதல் செக்டரான 512 பைட்டுக்குள் எல்லாமே அடங்கிவிட வேண்டும்: 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. 64 பைட்டில் 16 பைட் வீதம் நான்கு பதிவுகளுக்குத்தான் இடம். செக்டர் எண்ணை 32 பிட்டில் எழுதுவதால் சுமார் 2.2 டிபிக்கு மேல் எல்லை போடவும் முடியாது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் உற்பத்தியாளரே நான்கு பதிவுகளையும் நிரப்பி அனுப்பியிருப்பார். அப்போது ஐந்தாவதைச் சேர்க்கப் போனால் விண்டோஸ் "டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா?" என்று கேட்கும். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மாற்றிவிட்டால் லினக்ஸ் நிறுவுவது பெரும் தொல்லையாகிவிடும். நான்கில் ஒன்றை நீக்கி, அந்த இடத்தில் விரிவாக்கப் பார்ட்டிஷன் ஒன்றை உண்டாக்கி, அதற்குள் எத்தனை வேண்டுமானாலும் பிரித்துக்கொள்வதே பழைய வழி.

புதியது ஜிபிடி. இதில் வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம் உண்டு. அட்டவணையின் பிரதி ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் எழுதப்படுகிறது. அட்டவணை சிதைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்ணும் கூடவே இருக்கிறது. முன்பக்கம் கெட்டுப்போனாலும் பின்பக்கத்திலிருந்து மீட்கலாம். விண்டோஸ் 11-உடன் வாங்கிய கணினி என்றால் அதில் இருப்பது பெரும்பாலும் ஜிபிடிதான்.

கணினியை முடுக்கும்போது எந்த இயங்குதளம் எழும் என்பதும் இந்த வேறுபாட்டோடு பிணைந்தது. பயாஸ் என்பது கணினியை முடுக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள நிரல். அந்தப் பழைய முறையில், கணினி முதல் செக்டரிலுள்ள 446 பைட் நிரலைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும். அங்கே ஒருவருக்குத்தான் இடம். லினக்ஸ் அந்த இடத்தில் கிரப் என்ற தொடக்க நிரலின் முதல் துண்டை எழுதி, அதன் வழியாகப் பட்டியலைக் காட்டும். பின்னால் விண்டோஸை நிறுவினால், அது கேட்காமலே தன் நிரலை அதன்மேல் எழுதிவிடும். லினக்ஸ் காணாமல் போனதுபோலத் தோன்றும். உண்மையில் அதன் கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும், கூப்பிடத்தான் ஆள் இல்லை. முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற விதி இங்கிருந்து வந்ததுதான்.

பயாஸின் இடத்துக்கு வந்த புதிய யூஈஎஃப்ஐ முறையில் இந்தச் சண்டை பெரிதும் தணிந்துவிட்டது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று சில நூறு எம்பி அளவில் ஒரு பொது இடம் இருக்கிறது. ஒவ்வொரு இயங்குதளமும் தன் தொடக்க நிரலை அங்கே தனித்தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்கிறது. யார் முதலில் எழ வேண்டும் என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகிறது. விண்டோஸ் சில நேரங்களில் தன்னை முதலிடத்துக்கு நகர்த்திக்கொள்ளும். கணினியை முடுக்கும்போது யூஈஎஃப்ஐ அமைப்புத் திரைக்குள் போய் வரிசையை மாற்றினால் லினக்ஸ் திரும்ப வந்துவிடும். இந்தப் பொது இடத்தை மட்டும் யாரும் அழித்துவிடக் கூடாது. அழித்தால் இரண்டுமே எழாது.

இனி உண்மையான ஆபத்துக்கு வருவோம். அட்டவணையில் எண்ணை மாற்றுவது நொடி நேர வேலை. ஆனால் பார்ட்டிஷனுக்குள் கோப்பு முறைமை என்று ஒன்று வாழ்கிறது: விண்டோஸில் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் பெரும்பாலும் எக்ஸ்ட்4. எந்தக் கோப்பு எந்தச் செக்டர்களில் என்ற கணக்கெல்லாம் அதனிடம்தான் இருக்கிறது. ஆகவே முதலில் கோப்பு முறைமை தன் தரவை முன்னுக்கு நகர்த்திச் சுருங்க வேண்டும்; அதன் பிறகே அட்டவணையில் எல்லை மாற வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் எல்லைக்கு வெளியே கிடக்கும் கோப்புகள் கைவிட்டுப் போகும். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவி இரண்டையும் சரியான வரிசையில் செய்கிறது என்பதால், அதன் பார்ட்டிஷனை அதன் கையாலேயே சுருக்கச் சொல்கிறேன்.

அங்கேயும் ஒரு சிக்கல் வரும். 200 ஜிபி காலியாக இருந்தாலும் 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்லலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். உறக்கநிலைக் கோப்பு, நினைவகத்துக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் பேஜ் கோப்பு, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரீஸ்டோர் பதிவுகள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மறுபடி தொடங்கிப் பாருங்கள், இடம் திறக்கும்.

சுருக்குவது எப்போதும் வலப்பக்க முனையிலிருந்து, அதாவது பார்ட்டிஷன் முடியும் பக்கத்திலிருந்து இருக்கட்டும். ஒரு பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்தினால் உள்ளே உள்ள அத்தனை தரவையும் புதிய இடத்துக்குப் பெயர்த்து எழுத வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் அதற்குப் பல மணி நேரம் ஆகும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. காற்றடித்தால் ரப்பரோ தென்னையோ கம்பிமேல் சாய்கிறது, மின்சாரம் போகிறது; 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்து போன பிறகு எத்தனை ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன! பாதி நகர்ந்த நிலையில் மின்சாரம் போனால், கோப்பு முறைமையின் கணக்கு ஒன்று, தரவு கிடக்கும் இடம் வேறொன்று. மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. மடிக்கணினி என்றாலும் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். எதற்கும் முன்னால் தேவையான கோப்புகளின் பிரதி வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும்; இதில் மட்டும் நான் யாருக்கும் விலக்கு தரமாட்டேன்.

இரண்டு விண்டோஸ் பழக்கங்களையும் கவனிக்க வேண்டும். ஒன்று, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதியான பிட்லாக்கர். புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டுக் குறியீட்டில் எழுதப்பட்டிருக்கலாம். தொடக்க முறையில் மாற்றம் கண்டால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும், சாவி இல்லையென்றால் தரவு இல்லை. வேலை தொடங்கும் முன்பே அதை எழுதி வையுங்கள். மற்றொன்று, விண்டோஸை விரைவாக எழுப்பும் வசதியான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது, விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை. தன் மையப் பகுதியை டிஸ்க்கில் உறைய வைத்துவிட்டுப் படுக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் அதே பார்ட்டிஷனில் எழுதினால், விழித்தெழும் விண்டோஸின் நினைவும் டிஸ்க்கின் நிலையும் பொருந்தாமல் கோப்புகள் சிதையும். அதனால்தான் லினக்ஸ் அதைப் பெரும்பாலும் படிக்க மட்டும் திறக்கிறது. இந்த வசதியை அணைத்துவிடுவது நல்லது.

காலி இடம் கிடைத்த பின் லினக்ஸ் நிறுவுவது எளிது. 512 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 476 ஜிபி என்று காட்டுவதைக் கண்டு பதற வேண்டாம்; கணக்கிடும் முறைதான் வேறு. படிப்புக்கு 50 முதல் 60 ஜிபி போதும். நிறுவும்போது 'எரேஸ் டிஸ்க்' என்ற தேர்வை மட்டும் தொடாதீர்கள், அது விண்டோஸையும் சேர்த்து அழித்துவிடும். பிறகு விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. லினக்ஸில் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தச் சொன்னால் சரியாகிவிடும்.

தவறுதலாக ஒரு பார்ட்டிஷனை நீக்கிவிட்டாலும் அந்த இடத்தில் எதையும் எழுதாமல் நிறுத்துங்கள். பெரும்பாலும் அட்டவணையின் பதிவுதான் போயிருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதும் தேடி, கோப்பு முறைமை தொடங்கும் இடங்களின் அடையாளங்களைக் கண்டுபிடித்து, பதிவைத் திரும்ப எழுதித் தரும். எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை குறைவு. ஃபார்மட் செய்துவிட்டால், இந்த இடம் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் அதனிடம் சொல்லிவிடும், அது உள்ளிருந்தே துடைத்துவிடும்.

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்தால் அதன் பார்ட்டிஷனை நீக்கி விண்டோஸை நீட்டிக்கலாம். காலி இடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியே இருந்தால்தான் டிஸ்க் மேனேஜ்மென்ட் நீட்டிக்க அனுமதிக்கும். நடுவே வேறொரு பார்ட்டிஷன் இருந்தால் அந்தத் தேர்வு மங்கிக் கிடக்கும்; அப்போது காலி இடத்தைத் தனி டிரைவாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.