கோடை மழைக் கணக்கில் சராசரி ஏமாற்றும்

ஒரு குறிப்பிட்ட வாரத்தின் பத்தாண்டு மழை, மில்லிமீட்டரில், இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 0, 0, 0, 3, 0, 12, 0, 0, 65, 0. சராசரி 8. ஆனால் ஏழு ஆண்டுகளில் சொட்டு மழை இல்லை. இந்த 8 மி.மீ.யை நம்பிக் கோடை எள் விதைத்தால், விதை கணினியில்தான் முளைக்கும்.

தமிழ்நாட்டில் மார்ச் முதல் மே வரை பெய்வது பெரும்பாலும் இடிமழை. ஒரு ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். அதனால் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பெய்யுமா? பெய்தால் எவ்வளவு?

முதல் கேள்விக்கு மார்க்கோவ் சங்கிலி, அதாவது நேற்றைய நிலையை வைத்து இன்றைய வாய்ப்பைச் சொல்லும் கணக்கு. 2.5 மி.மீ.யும் அதற்கு மேலும் பெய்தால்தான் வானிலைத் துறைக் கணக்கில் மழைநாள். நேற்று வறண்டிருந்தால் இன்று மழைநாளாகும் வாய்ப்பு 0.08, நேற்று பெய்திருந்தால் 0.30 என்று தரவு காட்டினால், ஏதோ ஒரு நாள் மழைநாளாகும் மொத்த வாய்ப்பு 0.08 ÷ (1 − 0.30 + 0.08), சுமார் 0.10. மாதத்துக்கு மூன்று நாள். இரண்டாம் கேள்வியான அளவுக்குக் காமா பரவல், அதாவது சிறுமழை அடிக்கடியும் பெருமழை அரிதாகவும் வருவதைக் காட்டும் வளைகோடு. அதில் மழைநாட்களை மட்டும் பொருத்த வேண்டும், பூஜ்ஜியங்களைத் திணிக்கக் கூடாது. மார்ச்சுக்கும் மேக்கும் தனித்தனி மதிப்புகள். 30 ஆண்டுத் தினசரிப் பதிவு இருந்தால் நல்லது.

காலை வாரிவிடுவது பெரும்பாலும் சூத்திரம் அல்ல, பதிவேடு. மழைமானியைக் காலை 8.30க்குப் பார்ப்பார்கள், 12ஆம் தேதி மாலை கொட்டிய மழை 13ஆம் தேதியில் ஏறும். மண் ஈரமானியோ நள்ளிரவில் தேதியை மாற்றும். இரண்டையும் அப்படியே சேர்த்தால், மண் நனைந்த மறுநாள் மழை பெய்யும்! வெற்றுக் கட்டம் என்றால் 'பதிவு இல்லை', பூஜ்ஜியம் அல்ல. கிழமைவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஞாயிறு எப்போதும் வறண்டு, திங்கள் மட்டும் கொழுத்திருந்தால், விடுமுறை மழையைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். 100 சதுர செ.மீ. வாயுள்ள மானிக்கு 200க்கான அளவுக்குவளை வைத்தால் மழை பாதியாகிவிடும்.

நிலப்பரப்பைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே மழை அளவு தரும் கட்டத் தரவு வசதிதான். ஆனால் 0.25 பாகைக் கட்டம் ஏறத்தாழ 27 கி.மீ. அகலம். ஒரு ஊர் இடிமழையை அது பரப்பித் தூறலாக்கிவிடும். மழைநாள் கூடும், உச்சம் குறையும்.

மார்க்கோவும் காமாவும் சேர்ந்த இந்தக் கணித மாதிரி கணினியில் ஓடியதும், அது தரும் மழையின் சராசரியைப் பதிவோடு ஒப்பிட்டுத் திருப்தி அடையாதீர்கள், அது எப்படியும் பொருந்தும். ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்தையும் மிக நீண்ட வறட்சி இடைவெளியையும் பாருங்கள். தினசரி மாதிரிகள் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தே காட்டும்.

முடிவை 75 சதவீத உறுதி மழையாக, அதாவது நான்கில் மூன்று ஆண்டுகளில் குறையாமல் கிடைக்கும் அளவாகக் கொடுப்பதும் கோடைக்குச் சரிவராது. பல வாரங்களுக்கு விடை பூஜ்ஜியம். கோடை உழவுக்கு வேறு கேள்வி வேண்டும்: வாரத்தில் 20 மி.மீ., அதாவது ஏக்கருக்கு சுமார் 80,000 லிட்டர், எத்தனை ஆண்டுகளில் கிடைத்தது?